ஒரே ஈயம், பத்து எடை

கோலாலம்பூரில் ஈயச் சந்தை திறக்கப்பட்டது 1984 அக்டோபரில். அதுவரை மலேசிய ஈயத்தின் அன்றாட விலை பினாங்கில்தான் முடிவானது. தீவில் டத்தோ கிராமட் சாலையில் ஓர் உருக்காலை, அக்கரையில் பட்டர்வொர்த்தில் இன்னொன்று. வாங்குவோர் இவ்விரு ஆலைகளிடமும் தங்கள் விலையைச் சொல்வார்கள். அன்றைக்கு வந்து சேர்ந்த தாதுவின் அளவோடு அதைப் பொருத்திப் பார்த்து விலை அறிவிக்கப்படும். டத்தோ கிராமட் ஆலை, லீ சின் ஹோ 1897இல் தொடங்கிய பட்டறையிலிருந்து வளர்ந்து 1907இல் ஈஸ்டர்ன் ஸ்மெல்ட்டிங் நிறுவனமானது. பட்டர்வொர்த் ஆலை 1902இல் ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் நிறுவனம் கட்டியது. பேராக்கின் லாருட்டிலும் கிந்தா பள்ளத்தாக்கிலும் தோண்டிய கறுப்பு மணல், இங்கே உருகி வெள்ளிநிறக் கட்டிகளாகிக் கப்பலேறியது.

அப்படி வெளிவந்த தூய ஈயக் கட்டி ஒன்றை வேதியியலாளரிடம் கொடுத்தால், இது ஒரே பொருள் என்பார். அதே கட்டியை இயற்பியலாளரிடம் கொடுத்தால், பத்து வேறுவேறு எடையுள்ள அணுக்கள் இதில் கலந்திருக்கின்றன என்பார். இருவர் சொல்வதும் சரி. ஒருவர் பார்ப்பது அணு எண்ணை, மற்றவர் பார்ப்பது நிறை எண்ணை. மலேசியாவில் படிவம் 4 வேதியியல் படிக்கும் மாணவர்களுக்கு இவை புரோட்டான் எண், நியூக்ளியோன் எண் என்ற பெயர்களில் அறிமுகமாகின்றன.

ஐம்பதும் எண்பத்திரண்டும்

எந்த அணுவின் நடுவிலும் ஓர் அணுக்கரு உண்டு. அதற்குள் நேர்மின்னூட்டம் கொண்ட புரோட்டான்களும், மின்னூட்டமே இல்லாத நியூட்ரான்களும் நெருக்கியடித்து இருக்கின்றன. வெளியே எலக்ட்ரான்கள். ஓர் ஈய அணுவைப் பினாங்கின் கொம்தார் கோபுரத்தின் உயரத்துக்குப் பெரிதாக்கினால், அதன் கரு ஒரு கொண்டைக்கடலை அளவுக்குத்தான் வரும். ஆனால் அணுவின் எடையில் ஏறத்தாழ முழுவதும் அந்தக் கடலைக்குள்தான் அடங்கியிருக்கிறது. ஒரு புரோட்டானின் எடைக்குச் சமமாக வேண்டுமானால் 1,836 எலக்ட்ரான்களைச் சேர்த்து நிறுக்க வேண்டும்.

கருவிலுள்ள புரோட்டான்களின் எண்ணிக்கைதான் அணு எண். நாம் மலேசியாவில் ஈயம் என்று பொதுவாகச் சொல்லும் வெள்ளீயத்துக்கு அது 50. புரோட்டான் 50 இருந்தால் அது வெள்ளீயம், 49 என்றால் இண்டியம், 51 என்றால் ஆண்டிமனி. இடையில் எதற்கும் இடமில்லை. கருவில் 50 நேர்மின்னூட்டங்கள் இருப்பதால் சுற்றிலும் 50 எலக்ட்ரான்கள் நிற்கின்றன. ஓர் உலோகம் எப்படி மின்னுகிறது, எந்தச் சூட்டில் உருகுகிறது, புளியோடு சேர்ந்தால் என்ன ஆகிறது, உடம்புக்குள் போனால் என்ன செய்கிறது என்பதையெல்லாம் இந்த எலக்ட்ரான்களின் அமைப்புதான் தீர்மானிக்கிறது.

ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. பித்தளைப் பாத்திரத்தின் உள்ளே பூசுவதும் அதுவே. 232 பாகை செல்சியஸில் உருகிவிடும் என்பதால், வெறும் சொம்பை அடுப்பில் ஏற்றாமல் புளிக்கரைசலை ஊற்றிய பிறகே தீ மூட்டுவது வழக்கம். பழைய மின்கலங்களிலும் தண்ணீர்க் குழாய்களிலும் இருந்த காரீயம் வேறு உலோகம். அதன் அணு எண் 82. நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் நஞ்சு அது, குழந்தைகளின் மூளையை இன்னும் மோசமாகத் தாக்கும். சொம்பு விற்பவர் இரண்டையும் ஈயம் என்றே சொல்லக்கூடும். வாங்குபவருக்கு அந்த 32 புரோட்டான் வித்தியாசம் உயிர்ப் பிரச்சினை.

உருக்காலையின் உலைக்கு இந்த எண்ணை மாற்றும் வலிமை கிடையாது. காசிட்டரைட் எனப்படும் தாதுவில் ஒவ்வொரு ஈய அணுவோடும் இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் இணைந்திருக்கின்றன. நிலக்கரியைச் சேர்த்து ஆயிரம் பாகைக்கு மேல் சூடேற்றினால் ஆக்சிஜனைக் கரி இழுத்துக்கொள்ள, ஈயம் தனியே உருகி வழிகிறது. அங்கே கைமாறுவது எலக்ட்ரான்கள் மட்டுமே. தாதுவில் இருந்த 50 புரோட்டான்கள் கட்டியிலும் 50ஆகவே இருக்கின்றன.

வரிசையை மாற்றிய எக்ஸ்ரே

தனிமங்களை ஒழுங்குபடுத்த எண்தான் சரியான வழி என்பது தொடக்கத்தில் யாருக்கும் தெரியாது. 1869இல் ரஷ்யாவின் மெண்டலீஃப் அவற்றை எடைப்படி அடுக்கினார். சில இடங்களில் அடுக்கு இடித்தது. டெல்லூரியத்தின் எடை 127.6, அயோடினின் எடை 126.9. எடைப்படி அயோடின் முன்னால் வர வேண்டும். குணத்தைப் பார்த்தாலோ அயோடின் குளோரினுக்கும் புரோமினுக்கும் பங்காளி, டெல்லூரியத்துக்குப் பின்னால்தான் அதற்கு இடம். மெண்டலீஃப் குணத்தை நம்பி இரண்டையும் இடம் மாற்றி வைத்தார். ஏன் அப்படி என்பதற்கு அவரிடம் விடையில்லை.

விடை 1913இல் மான்செஸ்டரிலிருந்து வந்தது. ரூதர்ஃபோர்டு 1911இல் அணுக்கருவைக் கண்டறிந்திருந்தார். அவருடைய ஆய்வுக்கூடத்தில் இருந்த ஹென்றி மோஸ்லி என்ற இளைஞர், தனிமங்களை ஒவ்வொன்றாக எலக்ட்ரான் கற்றையால் தாக்கி, அவை வெளியிடும் எக்ஸ்ரே கதிர்களின் அதிர்வெண்ணை அளந்தார். அதிர்வெண்ணின் வர்க்கமூலம் தனிமத்துக்குத் தனிமம் சீராக ஏறியது. அந்தப் படிவரிசையில் டெல்லூரியம் 52ஆம் இடத்திலும் அயோடின் 53ஆம் இடத்திலும் தாமாகவே வந்து அமர்ந்தன. 43, 61, 75 ஆகிய படிகள் காலியாக இருந்தன. இன்னும் கண்டுபிடிக்கப்படாத தனிமங்கள் அங்கே இருக்க வேண்டும் என்று மோஸ்லி எழுதினார். மூன்றும் பின்னாளில் கிடைத்தன. அவர் பார்க்கவில்லை. முதல் உலகப் போரில் 1915 ஆகஸ்ட் 10 அன்று கலிப்போலியில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 27.

அவருடைய முறை இன்று கைக்கடக்கமான கருவியாகிவிட்டது. நகைக்கடையில் வளையலைச் சுரண்டாமல் தங்கத்தின் தரம் சொல்லும் எக்ஸ்ரே கருவி இதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது. மின்னணுத் தொழிற்சாலைகளில் வந்திறங்கும் பாகங்களில் காரீயம் கலந்திருக்கிறதா என்று பார்ப்பதும் இதுதான். ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் நடைமுறைப்படுத்திய விதி, பெரும்பாலான மின்னணுப் பொருள்களில் காரீயத்தை 0.1 விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்துகிறது. அதற்குப் பிறகு, பற்றவைக்கப் பயன்பட்ட வெள்ளீய–காரீயக் கலவையின் இடத்தை வெள்ளீயம் 96.5, வெள்ளி 3, செம்பு 0.5 விழுக்காடு கொண்ட கலவை பெருமளவில் பிடித்துக்கொண்டது. 50ஐயும் 82ஐயும் அந்தக் கருவி நொடிகளில் பிரித்துச் சொல்லிவிடும்.

ஆனால் ஒரு வெள்ளீய அணுவின் எடை என்ன என்று கேட்டால் அதனிடம் பதில் இருக்காது.

எடைக்குக் காரணமான ஊமைத் துகள்

மோஸ்லி அணு எண்ணை நிலைநாட்டிய அதே 1913இல், ஒரே தனிமத்தின் அணுக்கள் வெவ்வேறு எடையில் இருக்கலாம் என்று ஃபிரெடெரிக் சாடி சொன்னார். அவையே ஐசோடோப்புகள். 1919இல் பிரான்சிஸ் ஆஸ்டன் ஒரு நிறை நிறமாலைக் கருவியை அமைத்தார். மின்னூட்டம் பெற்ற அணுக்களை மின்புலத்திலும் காந்தப்புலத்திலும் செலுத்தினால் கனமானவை குறைவாகவும் இலேசானவை அதிகமாகவும் வளையும். விழும் இடத்தைக் கொண்டு எடையைச் சொல்லிவிடலாம். எடை ஏன் வேறுபடுகிறது என்பது மட்டும் 1932 வரை புதிராகவே இருந்தது. அந்த ஆண்டில் ஜேம்ஸ் சாட்விக் நியூட்ரானைக் கண்டுபிடித்தார். ஏறத்தாழப் புரோட்டானின் எடை, ஆனால் மின்னூட்டம் சுழி. எலக்ட்ரான்களை அது இழுப்பதில்லை. அதனால் வேதியியலில் அதன் குரல் கேட்பதே இல்லை. எடையில் மட்டும் தெரிகிறது.

புரோட்டான்களையும் நியூட்ரான்களையும் கூட்டினால் வருவது நிறை எண். நிறை எண்ணிலிருந்து அணு எண்ணைக் கழித்தால் நியூட்ரான்களின் எண்ணிக்கை கிடைக்கும். வெள்ளீயம்-120 என்று எழுதியிருந்தால் 50 புரோட்டான், 70 நியூட்ரான். வெள்ளீயம்-112 என்றால் நியூட்ரான் 62. வெள்ளீயம்-124 என்றால் 74.

பினாங்கிலிருந்து போன ஈயக் கட்டியில் இருப்பது இந்தக் கூட்டம்தான்: 112, 114, 115, 116, 117, 118, 119, 120, 122, 124. மொத்தம் பத்து. பத்தும் நிலையானவை, வேறு எந்தத் தனிமத்துக்கும் இத்தனை நிலையான ஐசோடோப்புகள் கிடையாது. நூறு அணுக்களை எடுத்தால் சுமார் 33 அணுக்கள் 120, 24 அணுக்கள் 118. அரிதான 115ஐப் பார்க்கச் சில நூறு அணுக்களைப் புரட்ட வேண்டும். விகிதப்படி சராசரி எடுத்தால் 118.71 வருகிறது. தனிம அட்டவணையில் வெள்ளீயக் கட்டத்தில் அச்சாகியிருப்பது இந்தச் சராசரிதான். 118.71 எடையுள்ள ஈய அணு உலகில் எங்கும் கிடையாது. நிறை எண் என்பது துகள்களின் எண்ணிக்கை, எப்போதும் முழு எண். அட்டவணையிலுள்ள அணு எடை கலவையின் சராசரி. தேர்வில் மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஒரு தனி வெள்ளீயம்-120 அணுவை நிறுத்தாலும் சரியாக 120 வராது. 50 புரோட்டான், 70 நியூட்ரான், 50 எலக்ட்ரான் ஆகியவற்றைத் தனித்தனியே நிறுத்துக் கூட்டினால் ஏறத்தாழ 121 அணு நிறை அலகு. அவை சேர்ந்து ஆன அணுவின் எடையோ 119.90. ஒரு புரோட்டானின் எடையைவிடச் சற்றே கூடுதலான எடை காணாமல் போயிருக்கிறது. துகள்கள் ஒன்றோடொன்று பிணையும்போது அது ஆற்றலாக வெளியேறிவிட்டது. ஐன்ஸ்டீனின் சமன்பாடு சொல்லும் கணக்கு இது. கருவை மறுபடி பிரித்துப்போட வேண்டுமானால் அவ்வளவு ஆற்றலையும் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

வெள்ளீயத்துக்கு மட்டும் ஏன் பத்து? எலக்ட்ரான்கள் கூடுகளில் நிறைவதுபோல அணுக்கருவுக்குள்ளும் கூடுகள் உண்டு. 2, 8, 20, 28, 50, 82 என்ற எண்ணிக்கையில் ஒரு கூடு நிறைந்தால் கரு வழக்கத்தைவிட உறுதியாகிறது. 50 அந்த வரிசையில் இருக்கிறது. புரோட்டான் பக்கம் கட்டுக்கோப்பாக இருப்பதால் நியூட்ரான் 62 ஆனாலும் 74 ஆனாலும் கரு தாங்கிக்கொள்கிறது. மரியா கோப்பெர்ட் மேயர் 1948இல் இந்த எண்களுக்கான சான்றுகளைத் திரட்டியபோது வெள்ளீயத்தின் பத்து ஐசோடோப்புகளையும் அதில் சேர்த்தார். மறு ஆண்டு அவரும், ஜெர்மனியில் தனியாக ஹான்ஸ் யென்சனும் கூட்டு மாதிரியை வகுத்தார்கள். 1963இன் இயற்பியல் நோபல் பரிசில் இருவருக்கும் பங்கு கிடைத்தது.

சில்லுக்குள் விழுந்த கதிர்

நியூட்ரான் எண்ணிக்கை கூடினால் என்ன, குறைந்தால் என்ன, சமையலுக்கும் வியாபாரத்துக்கும் அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லையே என்று கேட்கலாம். பினாங்கின் பாயான் லெப்பாஸில் அந்தக் கேள்வி எடுபடாது.

பாயான் லெப்பாஸ் சுதந்திர வாணிக வட்டாரத்தில் 1972இல் இண்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையைத் திறந்தது. சில ஆண்டுகளில் அமெரிக்காவிலுள்ள அதன் பொறியாளர்களுக்கு ஒரு விசித்திரமான சிக்கல் வந்தது. நினைவகச் சில்லுகளில் எந்தப் பழுதும் இல்லாமலேயே அங்கொன்றும் இங்கொன்றுமாக 1 என்பது 0 ஆனது. டிமோத்தி மேயும் மரி வுட்சும் 1978இல் காரணத்தை அறிவித்தார்கள். சில்லை மூடியிருந்த பீங்கான் உறையில் யுரேனியமும் தோரியமும் நூலிழை அளவுக்குக் கலந்திருந்தன. அவை வெளியிட்ட ஆல்ஃபா துகள்கள் சில்லைத் துளைத்துப் பதிவை அழித்துக்கொண்டிருந்தன. ஒரே ஓர் ஆல்ஃபா துகள் சிலிக்கானில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட எலக்ட்ரான்களை விடுவித்துவிடும்.

பற்றவைக்கும் காரீயத்திலும் இதே தொல்லை இருந்தது. இங்கேதான் இரு எண்களின் கணக்கும் கண்கூடாகத் தெரிகிறது. சாதாரணக் காரீயத்தில் காரீயம்-210 மிகச் சிறிய அளவில் கலந்திருக்கும். அதன் அரைவாழ்வு, அதாவது பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 22 ஆண்டு. அதன் கருவில் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறி, ஓர் எலக்ட்ரான் பீட்டா துகளாக வெளியே பாய்கிறது. துகள்களின் மொத்த எண்ணிக்கை மாறவில்லை, நிறை எண் 210ஆகவே இருக்கிறது. புரோட்டான் ஒன்று கூடியதால் அணு எண் 82 என்பது 83 ஆகிறது. காரீயம் பிஸ்மத் ஆகிவிட்டது. ஐந்து நாள் அரைவாழ்வில் அதுவும் அப்படியே மாறிப் பொலோனியம்-210 ஆகிறது, அணு எண் 84. பொலோனியம் 138 நாள் அரைவாழ்வில் ஆல்ஃபா துகளை உமிழ்கிறது. ஆல்ஃபாவில் இருப்பது இரண்டு புரோட்டான், இரண்டு நியூட்ரான். ஆக நிறை எண்ணில் நான்கும் அணு எண்ணில் இரண்டும் குறைகின்றன. மிஞ்சுவது 82 புரோட்டான் கொண்ட காரீயம்-206. காரீயத்தில் தொடங்கி இரண்டு வேறு தனிமங்களைக் கடந்து மறுபடி காரீயத்துக்கே வந்தாயிற்று. வழியில் புறப்பட்ட அந்த ஆல்ஃபாதான் சில்லின் பகை.

காரீயத்திலிருந்து காரீயம்-210ஐ எந்த அமிலத்தாலும் பிரித்தெடுக்க முடியாது. இரண்டுக்கும் அணு எண் ஒன்றே, எந்த வேதிவினையிலும் இரண்டும் ஒன்றாகவே நடந்துகொள்ளும். நடைமுறையில் காலம்தான் பிரிக்கும். அதனால்தான் பல நூற்றாண்டுகளுக்கு முன்பு உருக்கிய பழங்காரீயத்துக்குத் தனி மதிப்பு. 220 ஆண்டுகள் கழிந்தால் காரீயம்-210இல் ஆயிரத்தில் ஒரு பங்குதான் எஞ்சும். வெள்ளீயத்துக்கு வேறு வழி இருக்கிறது. அதில் கலந்த காரீயத்தின் அணு எண் வேறு என்பதால் வேதிமுறையிலேயே சுத்தம் செய்துவிடலாம். உயர்தரச் சில்லுகளுக்கான வெள்ளீயத்தில், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு மணி நேரத்தில் 0.002க்கு மேல் ஆல்ஃபா வரக்கூடாது என்பது தொழிலில் வழங்கும் அளவுகோல்.

கழிவு மணலும் கிளிஞ்சலும்

ஈய மணலைக் கழுவி எடுத்த பிறகு மிஞ்சும் கனமான கழிவுக்கு மலேசியாவில் அமாங் என்று பெயர். இல்மனைட், சிர்க்கான், மோனசைட், செனோடைம் முதலிய கனிமங்கள் அதில் உண்டு. அரிய மண் தனிமங்களுக்காக மோனசைட்டைத் தேடுவார்கள், ஆனால் அதோடு தோரியம்-232உம் வந்து சேரும். 90 புரோட்டான், 142 நியூட்ரான். அரைவாழ்வு சுமார் 1,400 கோடி ஆண்டு. ஆறு ஆல்ஃபாவும் நான்கு பீட்டாவும் வெளியேறிய பிறகே அது ஓய்கிறது. 232இலிருந்து 24ஐக் கழித்தால் 208. 90இலிருந்து 12ஐக் கழித்து நான்கைக் கூட்டினால் 82. முடிவில் நிற்பது காரீயம்-208. பேராக்கின் புக்கிட் மேரா மக்கள் ஏஷியன் ரேர் எர்த் ஆலைக்கு எதிராக 1985இல் வழக்குத் தொடுத்தது இந்தத் தோரியக் கழிவை முன்னிட்டுத்தான். 1992இல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை நிறுத்த உத்தரவிட்டது. மறு ஆண்டு உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. ஆனாலும் 1994இல் ஆலை மூடப்பட்டது. அந்தப் போராட்டத்துக்குத் தோள் கொடுத்தவற்றில் பினாங்குப் பயனீட்டாளர் சங்கமும் ஒன்று.

கதிரியக்கம் தொல்லை மட்டும் தருவதில்லை. செபராங் பிறை உத்தாராவில் குவார் கெப்பா என்ற இடத்தில் புதிய கற்கால மக்கள் தின்றுபோட்ட கிளிஞ்சல் மேடுகள் இருந்தன. 2017இல் அங்கே ஓர் எலும்புக்கூடு கிடைத்தது, இன்று பினாங்குப் பெண் என்று அழைக்கப்படுகிறது. வயது 5,000 ஆண்டுகளுக்கு மேல். இத்தகைய காலக்கணிப்புக்குத் துணை நிற்பது கார்பன்-14. வானத்தின் உயரத்தில் நியூட்ரான் ஒன்று நைட்ரஜன்-14ஐத் தாக்கும்போது ஒரு புரோட்டான் வெளியேறுகிறது. அணு எண் 7 என்பது 6 ஆகி, நிறை எண் 14ஆகவே நிற்க, கார்பன்-14 பிறக்கிறது. கார்பன்-12க்கும் அணு எண் 6தான். அதனால் செடியும் சிப்பியும் மனிதரும் வேறுபாடு தெரியாமல் இரண்டையும் உடலில் சேர்த்துக்கொள்கிறார்கள். உயிர் போனதும் வரவு நின்றுவிடுகிறது. 5,730 ஆண்டுகளில் கார்பன்-14 பாதியாகிறது. எஞ்சியதை அளந்தால் காலம் தெரிந்துவிடும்.

மோஸ்லி காலியாக விட்டிருந்த 43ஆம் படியும் பினாங்கில் வேலை செய்கிறது. அது டெக்னீசியம், 1937இல் செயற்கையாகக் கிடைத்தது. வெள்ளீயத்துக்கு நேர் எதிர், அதற்கு நிலையான ஐசோடோப்பு ஒன்றுகூட இல்லை. பினாங்கு மருத்துவமனை போன்ற இடங்களின் அணு மருத்துவப் பிரிவுகளில் எலும்பையும் இதயத்தையும் படமெடுக்கப் பயன்படுவது டெக்னீசியம்-99எம். அது காமா கதிரை மட்டும் வெளியிடுகிறது. காமா வெறும் ஆற்றல்தான், அது போவதால் அணு எண்ணும் மாறாது, நிறை எண்ணும் மாறாது. ஆறு மணி நேரத்தில் பாதி தீர்ந்துவிடும். எலும்பில் போய் ஒட்டும் மருந்தோடு டெக்னீசியத்தைப் பிணைக்க, குப்பியில் முன்கூட்டியே ஒரு வெள்ளீய உப்பு கலக்கப்பட்டிருக்கும். வெள்ளீயம் எலக்ட்ரான்களைக் கொடுத்து டெக்னீசியத்தைப் பதப்படுத்துகிறது. அதற்கு 112ஆம் எண் அணுவா 124ஆம் எண் அணுவா என்பது ஒரு பொருட்டில்லை.

இயற்கையில் கிடைக்கும் பத்தோடு வெள்ளீயத்தின் கணக்கு முடியவில்லை. ஆய்வுக்கூடங்களில் நியூட்ரான்களைக் குறைத்தும் கூட்டியும் இன்னும் பல ஐசோடோப்புகளைச் செய்து பார்த்திருக்கிறார்கள். 1994இல் ஜெர்மனியிலும் பிரான்சிலும் உருவான வெள்ளீயம்-100இல் புரோட்டானும் 50, நியூட்ரானும் 50. இரண்டு கூடுகளும் நிறைந்திருந்தும் சுமார் ஒரு நொடியில் பாதி அழிந்துவிடுகிறது. நியூட்ரான் 82 கொண்ட வெள்ளீயம்-132க்கு முக்கால் நிமிடம்கூட இல்லை. ஒரு கருவில் அதிகபட்சம் எத்தனை நியூட்ரான்களை ஏற்றலாம் என்ற எல்லை, அணு எண் 10 உள்ள நியான் வரைக்கும்தான் உறுதியாகியிருக்கிறது. அதுவும் 2019இல், ஜப்பானின் ரிக்கென் ஆய்வுக்கூடத்தில். 50ஆம் எண்ணுக்கான எல்லையைச் சோதனையால் இதுவரை யாரும் எட்டவில்லை.